டெட்ராய்ட் பாடமும் ஒரு நோபல் பெயரும்: ராமநாதபுரம் மாலை வகுப்பு பற்றிய மதிப்புரை

குடிமைப் பணித் தேர்வுக்கும் குரூப் 1 தேர்வுக்கும் ஆயத்தமாகிறவர்களுக்காக ராமநாதபுரத்தில் நடைபெறும் ஒரு பொருளாதார மாலை வகுப்பையும், அதனுடன் தரப்படும் அச்சிட்ட குறிப்பேட்டையும் பற்றி இங்கே எழுதுகிறேன். கீழக்கரை, ஏர்வாடி, உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் எனக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளே இதில் பெரும்பாலோர்; மதுரைக்கோ சென்னைக்கோ போய் அறை எடுத்துத் தங்கிப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காதவர்கள். மையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறை போட்டித் தேர்வுப் பயிற்சி தரும் பல இடங்களிலும் காணப்படுவது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடலாம். கட்டணம் பெருநகர மையங்கள் கேட்பதைவிட வெகுவாகக் குறைவு. குறிப்பேடு முழுவதும் தமிழில், படித்தால் விளங்கும் தமிழில் இருக்கிறது. பணவீக்கம், நிதிப் பற்றாக்குறை, மைய வங்கியின் வட்டிக் கொள்கை ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. என் கவனத்தை ஈர்த்ததும், என்னைக் கவலை கொள்ள வைத்ததும் நகரப் பொருளாதாரம் பற்றிய பகுதிதான்.

இப்பகுதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. 1950இல் ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அந்த மோட்டார் வாகன நகரத்தில் 2010இல் 7.14 லட்சம் பேரே எஞ்சியிருந்தனர். 2013 ஜூலை 18 அன்று, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன் சுமையுடன் அது திவால் மனு தாக்கல் செய்தது. இந்த வீழ்ச்சிக்கான காரணங்களை ஆசிரியர் வகுப்பில் வரிசைப்படுத்திய முறை மெச்சத்தக்கது. பல மாடித் தொழிற்சாலைகளுக்குப் பதிலாக ஒரே தளத்தில் நீளும் கட்டடங்கள் வேண்டியிருந்ததால் நிறுவனங்கள் நிலம் தேடி நகருக்கு வெளியே போனது, நெடுஞ்சாலைகள் அதற்கு வழிவிட்டது, நிறப் பாகுபாடும் 1967ஆம் ஆண்டுக் கலவரமும் வெள்ளை இனத்தவர் நகரை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்வதை விரைவுபடுத்தியது, வரி கட்டுவோர் குறையக் குறைய எஞ்சியோர் மீது சுமை ஏறியது என ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார். தொழிலே போய்விட்ட ஊருக்கும், நகர எல்லையைத் தாண்டித் தொழில் நகர்ந்துவிட்ட ஊருக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் அவர் தெளிவாக்கினார். டெட்ராய்ட் பெருநகரப் பகுதி முழுவதையும் கணக்கில் கொண்டால் 2010இல் அங்கே ஏறத்தாழ 43 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் ஆறில் ஒருவர் மட்டுமே நகர எல்லைக்குள் வாழ்ந்தார்.

அடுத்து வருவது வேலைகள் நகர மையத்தை விட்டுச் சிதறுவது பற்றிய வாதம். பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன், திவால் மனு தாக்கலான சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய பத்தியில், டெட்ராய்டின் மரபான வணிக மையத்திலிருந்து 10 மைல் தொலைவுக்குள் அப்பெருநகரப் பகுதியின் வேலைகளில் கால் பங்குக்கும் குறைவாகவே இருப்பதாகவும், எஃகுத் தொழிலை இழந்த மற்றோர் அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க்கில் அந்த அளவு பாதிக்கும் மேல் என்றும் சுட்டிக்காட்டினார். டெட்ராய்ட் அளவுக்குப் பிட்ஸ்பர்க் சரியாமல் தாங்கி நின்றதற்கு அதன் மையம் உயிரோடு இருந்ததும் ஒரு காரணமாகலாம் என்பது அவர் காட்டிய திசை. 10 மைல் என்றால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ராமநாதபுரம் அரண்மனையிலிருந்து கீழக்கரைக்குப் போகிற தூரம் போல என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

குறிப்பேடு சறுக்குவது இந்த இடத்தில்தான். அது இவ்வாதத்தை "நோபல் பரிசு பெற்ற க்ருக்மன் நிறுவியுள்ளார்" என்ற ஒரே தொடரில் முடித்துவிடுகிறது. க்ருக்மன் 2008இல் பரிசு பெற்றது, வணிகம் எவ்வாறு அமைகிறது, பொருளாதார நடவடிக்கை எந்த இடங்களில் குவிகிறது என்ற ஆய்வுக்காக. ஆகவே நகரங்களைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வின் அடித்தளமான 1991ஆம் ஆண்டுக் கட்டுரை, பெரிய அளவில் உற்பத்தி செய்வதால் கிடைக்கும் ஆதாயமும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து தொழிலை ஒரு வட்டாரத்தில் குவித்து மற்றொரு வட்டாரத்தை வேளாண் விளிம்பாக விட்டுவிடுவது எப்படி என்பதை விளக்குகிறது. ஒரே பெருநகரத்துக்குள் வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மையம் ஏன் வாடுகிறது என்பது வேறொரு கேள்வி. அவர் பயன்படுத்திய அந்த 10 மைல் அளவும் ப்ரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வேலைகளின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு வெளியிட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே பரிசின் நிழலில் ஒரு நாளிதழ்ப் பத்தியை நிறுத்தி, அதை நிறுவப்பட்ட முடிவாக மாணவர்களுக்குக் கொடுப்பது முறையன்று. அவரே அந்தப் பத்தியில் அதை ஒரு நிரூபணமாக முன்வைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே வகுப்பில் நிகழ்ந்தது. மாணவர் ஒருவர், 2005 வாக்கில் இணையத்தின் பொருளாதாரத் தாக்கம் ஃபேக்ஸ் இயந்திரத்தின் தாக்கத்தைவிடப் பெரிதாக இராது என்று 1998இல் க்ருக்மன் எழுதியதை நினைவூட்டினார். அது உண்மை. 2021இல் பணவீக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டதும், 2022இல் அதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் உண்மை. உடனே வகுப்பு இரு கட்சியானது. ஒரு கட்சி பரிசைக் காட்டியது. மறு கட்சி ஃபேக்ஸைக் காட்டியது. ஆசிரியரும் "பெரியவர்களுக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். இணையத்தைப் பற்றிய ஊகம் பொய்த்தது என்பதால் டெட்ராய்டின் வேலைக் கணக்கு பொய்யாகிவிடாது. வணிகக் கோட்பாட்டுக்குப் பரிசு கிடைத்தது என்பதால் அது மெய்யாகியும் விடாது. ஒவ்வொரு கூற்றையும் அதற்குரிய சான்றோடு நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை ஊட்ட அருமையான வாய்ப்பு ஒன்று அன்று கைநழுவியது. நாளைக்கு ஒரு மாவட்டத்தின் நிருவாகப் பொறுப்புக்கு வரக்கூடியவர்கள் அந்த அறையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிறுத்துப் பார்ப்பதற்கு வேண்டிய எண்கள் எட்டாத தூரத்திலும் இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்தின் மக்கள்தொகை 1950இல் ஏறத்தாழ 6.77 லட்சம், 2010இல் 3.06 லட்சம். அதாவது மையத்தைக் காப்பாற்றிக்கொண்டதாகச் சொல்லப்படும் நகரமும் தன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்திருக்கிறது. இந்த ஒரு வரி குறிப்பேட்டில் இருந்திருந்தால், வேலைச் சிதறல் வீழ்ச்சிக்குக் காரணமா, வீழ்ச்சியின் விளைவா, இரண்டுமேயா என்று மாணவர்கள் தாங்களே கேட்டிருப்பார்கள். மையத்தில் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இருந்தது பிட்ஸ்பர்க்குக்கு எவ்வளவு துணை செய்தது என்ற கேள்வியும் எழுந்திருக்கும். என் கணிப்பில், சிதறல் வீழ்ச்சியைத் தொடங்கிவைக்கவில்லை, ஆனால் தொடங்கிய வீழ்ச்சியிலிருந்து மீள்வதைக் கடினமாக்கியது. டெட்ராய்டில் நகரத்துக்கு ஒரு பேருந்து அமைப்பும் புறநகருக்கு வேறொன்றும் இயங்கியதோடு, புறநகர் ஊர்கள் தாங்கள் விரும்பினால் அச்சேவையிலிருந்து விலகியிருக்கவும் நீண்ட காலம் இடமிருந்தது. கார் இல்லாத தொழிலாளிக்கு நகர எல்லைக்கு அப்பால் இருந்த வேலை இல்லாத வேலையாகவே ஆனது.

இந்தப் பேருந்துச் செய்தியை விளக்கிய வகுப்புதான் முழுப் பயிற்சியிலும் சிறந்தது என்பேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பட்டினம்காத்தானில் இருப்பதும், மண்டபத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ வருகிறவருக்கு ஒரு சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலி போவதும் இங்கே எல்லோரும் அறிந்தது. ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு, ராமநாதபுரத்தை டெட்ராய்டாக ஆக்கிவிடாமல், நமது கரையில் பிழைப்புத் தேடுவோர் புறநகருக்குப் போவதில்லை, வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள் என்று வேறுபாட்டையும் சேர்த்தே சொன்னார். அந்த நிதானம் குறிப்பேட்டிலும் வந்திருக்க வேண்டும்.

சேர எண்ணுகிறவர்களுக்கு: முழுப் பயிற்சிக்கும் தாராளமாகச் சேரலாம். குறிப்பேட்டை மட்டும் தனியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியரின் விளக்கம் இல்லாமல் நகரப் பகுதி அரைகுறையாகத்தான் நிற்கும். ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வகுப்பு முடியும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் கேள்வி நேரம் நீளும் நாள்களில் பேருந்துக்காக அவர்கள் பாதியிலேயே எழுந்து போக நேர்கிறது. மையத்தாரிடம் நான் எழுத்து மூலம் கேட்டிருப்பது, அடுத்த பதிப்பில் "நிறுவியுள்ளார்" என்பதை எடுத்துவிட்டு, இரண்டு நகரங்களின் மக்கள்தொகையையும் வேலைப் பங்கையும் ஓர் அட்டவணையாக அருகருகே தர வேண்டும் என்பதே.