பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் கலைஞர் உறைவிடம்: வாட்டர்கலர்காரர் பார்வையில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் திட்டம், நிறங்களோடு வாழ்கிற யாருக்கும் பெரிய வரம். இங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைக் குனிந்து பாருங்கள்: இரும்பு தந்த சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசின் கருப்பும், நடுவே மினுங்கும் குவார்ட்ஸும். சிலவற்றில் பட்டையின் சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். வரைந்துதான் கொண்டுவர வேண்டும், அதுதான் நியாயமும்.

காற்று அவ்வளவு வறட்சி. வானத்துக்குப் பூசிய நீலம், தூரிகையை மறுபடி நனைப்பதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்துக்கொண்டு, விடியற்காலையில் உட்கார்ந்தால் சமாளிக்கலாம். உச்சி வெயிலில், பூங்காவில் உள்ள பெயின்டட் டெசர்ட் என்ற பலநிறப் பாலைவனத்தின் குன்றுகள் வெளிறிப்போகும். சாயங்காலச் சாய்வெயிலில்தான் ஊதாவும் செம்மண் நிறமும் அடுக்கடுக்காகப் பிரியும்.

அந்த உச்சி வெயில் நேரத்தில் ‘பெயின்டட் டெசர்ட் இன்’ என்ற பழைய விடுதிக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோப்பி இனத்து ஓவியர் ஃப்ரெட் கபோட்டி 1940களின் இறுதியில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சூனி உப்பு ஏரிக்கு உப்பெடுக்கப் போகும் பயணத்தை வரைந்த சுவர் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். இந்த மண்ணின் நிறத்தை அவருக்குத் தெரிந்த மாதிரி வெளியூர் ஓவியருக்குத் தெரியாது.

அப்புறம், மளிகைக்கு ஹோல்புரூக் ஊருக்குத்தான் போக வேண்டும், சுமார் 40 கிலோமீட்டர். கார் இல்லாமல் வராதீர்கள்.