சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ வெர்ஷன் 2: வீட்டில் வைத்த செட்டிங்கை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள்

மேடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பேஸ் கிதார் ஆம்ப்பைக் கேட்பது நீங்களும் டிரம்மரும்தான். இடம் கொஞ்சம் பெரிதாகிவிட்டால், கூட்டத்துக்குப் போய்ச் சேருவது மிக்ஸருக்குள் நுழையும் ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடுகிற மூன்று பின்) கேபிளில் என்ன இருக்கிறதோ அது மட்டுமே. ஆம்ப்புக்கும் கேபினெட்டுக்கும் கொட்டிச் செலவழித்துவிட்டு, அந்தக் கேபிளை மேடையோரம் கிடக்கிற ஏதோ ஒரு டிஐ பாக்ஸை (கிதார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) நம்பி விடுபவர்கள்தான் அதிகம். முதல் பெடலாக (காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட் பெட்டி) எதை வாங்கலாம் என்று கேட்டால் ஃபஸ்ஸோ கோரஸோ சொல்ல மாட்டேன். டிஐ உள்ள ப்ரீஆம்ப் (ஆம்ப்பில் டோனை அமைக்கும் முதல் கட்டம்) பெடல் ஒன்று வாங்குங்கள் என்பேன். அந்த வகையில் அதிகம் புழங்குவது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ. இங்கே பார்ப்பது அதன் இரண்டாம் வெர்ஷன்.

நல்ல பெடல்தான். ஆனால் வாங்கிய பாதிப் பேர் அதைத் தப்பாகவே பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பெடலும் பாதிக் காரணம்.

எல்லா நாபையும் 12 மணிக்கு (கடிகார முள் மாதிரி நேர் மேலே) வைத்து, பிளெண்டை (பெடலின் டோனையும் பேஸ் கிதாரின் சொந்த சிக்னலையும் கலக்கும் நாப்) முழுக்கத் திருப்பித் தனியாக வாசித்துப் பாருங்கள். அடியில் கனம், மேலே கம்பி உரசும் பளபளப்பு, நடுவில் வழவழப்பு. ரெக்கார்டிங்கில் கேட்கிற பேஸ் மாதிரியே இருக்கும். அதே செட்டிங்கில் இரண்டு கிதாரும் டிரம்ஸும் சேரட்டும், பேஸ் காணாமல் போய்விடும். என்ன நடக்கிறது என்றால், இந்தப் பெடலில் 12 மணி என்பது ஃப்ளாட் (எதையும் கூட்டாத, குறைக்காத நிலை) கிடையாது. ட்யூப் ஆம்ப் மாதிரி ஒலிக்க வைக்கும் எமுலேஷன் சர்க்யூட்டே மிட்டை, அதாவது நடு ஃப்ரீக்வென்சிகளை, குழி தோண்டித்தான் வைத்திருக்கிறது. மிட் போன பிறகு மிஞ்சுவது அடியும் உச்சியும். அடியைக் கிக் டிரம் மூடிவிடும், உச்சியைச் சிம்பல் மூடிவிடும். எந்த நோட் வாசிக்கிறோம் என்று காதுக்குச் சொல்லிக்கொடுக்கிற பகுதி அந்த மிட்தான், அதைத்தான் நாமே வெட்டி எறிந்திருக்கிறோம்.

முதல் வெர்ஷனில் மிட் நாபே கிடையாது. பிளெண்டைக் குறைத்து பேஸ் கிதாரின் சொந்த மிட்டைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் ஒரே வழி. இரண்டாம் வெர்ஷனில் மிட் நாபும், அது வேலை செய்யும் இடத்தை 500 அல்லது 1000 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் குட்டி ஸ்விட்சும் வந்தன. பேஸ் நாபுக்கும் அதே மாதிரி 40, 80 ஹெர்ட்ஸ் ஸ்விட்ச் உண்டு. பழைய வெர்ஷன் மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பவர்களுக்கு: இந்த இரண்டு ஸ்விட்சுக்காகவே புதியதை வாங்கலாம்.

முழு பேண்டோடு வாசிக்கத் தொடங்க ஒரு செட்டிங். பேஸ் ஸ்விட்ச் 80, நாப் 11 மணி. மிட் ஸ்விட்ச் 500, நாப் 2 மணி. டிரெபிள் 12, பிரசென்ஸ் (உச்சியின் பளபளப்பு) 10, டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) 10 மணி. பிளெண்ட் 1 அல்லது 2 மணி, அதற்கு மேல் வேண்டாம். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி, கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்படாமல் அப்படியே விடுங்கள், பேண்ட் சேர்ந்ததும் அதுவே சரியாக உட்காரும். ஒரு கிதார் மட்டும் உள்ள மூவர் பேண்ட் என்றால் இடம் நிறைய இருக்கும், பிளெண்டையும் டிரைவையும் ஒரு மணி கூட்டலாம். பிளெக்ட்ரம் போட்டு வாசிப்பவர்கள் மிட்டை 1000-க்கு மாற்றிப் பார்க்கலாம், பிளெக்ட்ரம் கம்பியில் படுவது தெளிவாகத் தெரியும். விரலால் வாசிப்பவர்களுக்கு 500 தான் உடம்பு கொடுக்கும்.

40 ஹெர்ட்ஸ் ஸ்விட்ச் ஆசை காட்டும். நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியில் பி கம்பி சுமார் 31. அப்படியானால் 40 தானே சரி என்று தோன்றும். ஆனால் சிறிய கேபினெட்டில் அந்தச் சத்தம் வெளியே வரவே வராது. கோன் மட்டும் படபடவென்று ஆடும், ஆம்ப்பின் பவர் எல்லாம் அதிலேயே கரையும். பெரிய சப் (அடிச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) உள்ள பிஏ-வில் (கூட்டத்துக்கான ஸ்பீக்கர் செட்டில்) நிலைமை வேறு: அங்கே அது கிக்கோடு மோதிக் குழம்பும், சவுண்ட் இன்ஜினியர் ஹை பாஸ் ஃபில்டரை (அடி ஃப்ரீக்வென்சியை நீக்குவது) போட்டு வெட்டிவிடுவார். அவர் செய்வது சரிதான். பேஸின் கனம் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி 80 முதல் 200 வரை உள்ள பகுதியில் இருந்துதான் வருகிறது.

பிளெண்ட் நாபில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அதை முழுக்கக் குறைத்துவிட்டால் எமுலேஷன் மட்டும் விலகும், ஈக்யூவும் (பேஸ், மிட், டிரெபிள் நாபுகள்) லெவலும் தொடர்ந்து வேலை செய்யும். அதாவது டிரைவ் எதுவும் இல்லாத சுத்தமான ப்ரீஆம்ப் கையில் கிடைக்கும். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து) வாசிப்பவர்களுக்கும், பிக்கப்பில் நல்ல சத்தம் உள்ள பேஸ் கிதார் வைத்திருப்பவர்களுக்கும் இது போதும்.

பின்பக்க அவுட்புட் மூன்று. பேரலல் அவுட்புட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் கிதார் சிக்னல் அப்படியே வரும். சாதா கால் இன்ச் அவுட்புட்டிலும் எக்ஸ்எல்ஆரிலும் பெடலின் டோன் வரும். கால் இன்ச் அவுட்புட்டை ஆம்ப்பின் முன் இன்புட்டில் செருகுவதுதான் வழக்கமான தவறு. பெடல் ஏற்கெனவே ஸ்பீக்கர் கேபினெட் மாதிரி மேல் ஃப்ரீக்வென்சியை மழுக்கி அனுப்புகிறது. ஆம்ப்பின் ப்ரீஆம்ப் தன் பங்குக்கு இன்னொரு தடவை ஈக்யூ செய்யும், நிஜ கேபினெட் மூன்றாவது தடவை மழுக்கும். கம்பளி போர்த்திய மாதிரி கேட்கிறது என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் அதில் செருகுங்கள், ப்ரீஆம்ப் விலகிவிடும். இல்லையென்றால் பேரலல் அவுட்புட்டை ஆம்ப்புக்கும் எக்ஸ்எல்ஆரை மிக்ஸருக்கும் கொடுங்கள். மேடையில் ஆம்ப்பின் டோன், கூட்டத்துக்குப் பெடலின் டோன். ஒன்றை மாற்றினால் மற்றது கெடாது என்பது கூடுதல் நிம்மதி.

இனி எரிச்சலான இடம். இந்தப் பெடல் 9 வோல்ட் பேட்டரியில், அடாப்டரில், அல்லது மிக்ஸரிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே வரும் ஃபாண்டம் பவரில் ஓடும். ஃபாண்டம் வசதிதான், ஒரு வயர் மிச்சம். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் ஃபாண்டம், கிரவுண்ட் இரண்டையும் சேர்த்தே இணைக்கும், சேர்த்தே துண்டிக்கும். ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு லைனிலும் இருக்கும்போது கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து கிரவுண்ட் லூப் உருவாகி ‘ம்ம்ம்’ என்று ஹம் கிளம்பும். கிரவுண்டைத் துண்டிக்கலாம் என்று அந்த ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுவீர்கள். ஹம் நிற்கும், கூடவே பெடலும் செத்துவிடும், ஏனென்றால் ஃபாண்டமும் போய்விட்டது. உள்ளே பழைய பேட்டரி ஒன்று கிடந்தால் இன்னும் மோசம்: முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போய், பிறகு டோன் மெல்லக் கரகரக்கும். ஆகவே ஃபாண்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடாப்டரைச் செருகியே வையுங்கள். பேட்டரியை நம்பினால் நிகழ்ச்சி முடிந்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், அது செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கிரவுண்டைத் துண்டித்தும் ஹம் போகவில்லையா? அப்படியானால் அது லூப் இல்லை. கிதாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை பிக்கப்பிலோ கிதாருக்குள் இருக்கும் ஷீல்டிங்கிலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் எல்லாப் பெடலையும் தாண்டிக் கிதாரை நேராக சான்ஸ்ஆம்ப்பில் செருகுங்கள். சுத்தமாக இருந்தால் பெடல் வரிசையைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மாட்டுவது பெடல்களை இணைக்கும் ஒரு பேட்ச் கேபிள்தான். ‘கீய்ய்’ என்று விசில் மாதிரி வந்தால் பவர் சப்ளை: டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே அடாப்டரில் டெய்சி செயின் (ஒரே வயரிலிருந்து வரிசையாகப் பவர்) போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாக ஐசொலேட் ஆன பவர் சப்ளை வாங்கினால் ஒழியும்.

மிக்ஸரின் மைக் இன்புட்டில் சத்தம் உடைகிறது என்றால் எக்ஸ்எல்ஆருக்கான மைனஸ் 20 டெசிபெல் ஸ்விட்சைப் போடுங்கள். சவுண்ட் செக்குக்கு முன்னாலேயே போட்டுவிட்டால் இன்ஜினியருக்கும் கெயின் வைக்கச் சுலபம். ஃபாண்டமை ஆன், ஆஃப் செய்யும்போது சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு ‘தொம்’ சப்பில் இடிக்கும்.

ஃபுட் ஸ்விட்சை மிதித்து பைபாஸ் செய்தாலும் (பெடலின் டோனை அணைத்தாலும்) எக்ஸ்எல்ஆரில் சுத்த சிக்னல் போய்க்கொண்டிருக்கும். டிஐ நின்றுபோகாது, நல்லது. ஆனால் லெவல் நாப் பைபாஸ் சிக்னலைத் தொடாது, அதனால் மிதித்த அடுத்த நொடி சத்தம் குதிக்கும். இதைச் சமன் செய்யக் காதை நம்பாதீர்கள், அடி கனமான டோன் தனியாகக் கேட்கும்போது எப்போதும் பெரிதாகத்தான் தோன்றும். மிக்ஸர் மீட்டரைப் பார்த்து, ஒரே ரிஃபை இரண்டு நிலையிலும் வாசித்து லெவலை வையுங்கள். அதைவிட நல்லது, எப்போதும் ஆனிலேயே விட்டுவிடுவது.

மற்ற பெடல்களோடு சேர்க்கும்போது இது கடைசியில் வரட்டும். என் வரிசை: ட்யூனர், ஆக்டேவர் (ஒரு ஸ்தாயி கீழே நோட்டைச் சேர்ப்பது), கம்ப்ரசர் (பலமான சத்தத்தை அமுக்கிச் சமன் செய்வது), ஓவர்டிரைவ், சான்ஸ்ஆம்ப். ஆக்டேவர் முன்னால் இருக்கக் காரணம் உண்டு. பாஸ் (Boss) நிறுவனத்தின் பழைய ஓசி-2 போன்ற அனலாக் ஆக்டேவர் சுத்தமான, ஒற்றை நோட் சிக்னலைத்தான் ஒழுங்காகப் பின்தொடரும். டிரைவுக்குப் பின் வைத்தால் தடுமாறும். எப்படி வைத்தாலும் ஈ கம்பியின் கீழ்ப்பகுதியில் விக்கும், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசியுங்கள். கம்ப்ரசரில் எம்எக்ஸ்ஆர் எம்87 பிடித்ததற்கு ஒரே காரணம் அதன் எல்இடி வரிசை. எவ்வளவு அமுங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம், பெரும்பாலான கம்ப்ரசர் பெடலில் ஒற்றை விளக்குதான். 4:1 விகிதம், பலமாக வாசிக்கும்போது 3 முதல் 6 டெசிபெல் குறைப்பு, அதோடு நிறுத்துங்கள். அட்டாக்கை (எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்குகிறது என்பது) மிக வேகமாக வைத்தால் விரல் கம்பியில் விழும் முனை மழுங்கிவிடும். ஓவர்டிரைவ் எதுவானாலும் பிளெண்ட் இருக்க வேண்டும். கிதாருக்கான டிரைவ் பெடல்களில் அது இல்லாததால்தான் மிதித்ததும் அடி காணாமல் போகிறது.

குறைகள் இரண்டு. எக்ஸ்எல்ஆரில் ப்ரீ, போஸ்ட் (பெடலின் டோனுக்கு முந்தைய, பிந்தைய சிக்னல்) மாற்றும் வசதி இல்லை. உங்கள் டோன் வேண்டாம், சுத்த சிக்னல்தான் வேண்டும் என்று இன்ஜினியர் அடம்பிடித்தால் பேரலல் அவுட்புட்டில் இன்னொரு டிஐ பாக்ஸ் போட வேண்டியிருக்கும். அடுத்து, இதன் குணம் அழுத்தமானது. கிதாரின் சத்தம் நிறம் மாறாமல் போக வேண்டும் என்பவர்கள் எம்எக்ஸ்ஆரின் எம்80 டிஐ பிளஸ் பார்க்கலாம். அதில் சுத்த சேனலும் டிஸ்டார்ஷனும் தனித்தனி. அதிலுள்ள கலர் பட்டனை மட்டும் தொடாதீர்கள், அதுவும் மிட்டைக் குழி தோண்டுகிற வேலைதான்.

பெடலைப் பையில் போட்டு எடுத்தால் நாபுகள் நகர்ந்துவிடும். செட்டிங் சரியாக வந்ததும் ஒவ்வொரு நாபுக்கு நேரிலும் வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு மேடையில் அந்தப் புள்ளிதான் கண்ணுக்குத் தெரியும்.