சொந்த மெஷினா, பொது லேபா, வெளிக் கம்பெனியா? வேலூரிலிருந்து ஒரு கணக்கு

இரைப்பை, குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று வேலூரில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். சொந்தமாக வாங்கலாம், எல்லோரும் பகிர்ந்துகொள்கிற பொது லேபில் செய்யலாம், வெளிக் கம்பெனிக்கு அனுப்பலாம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உன் சாம்பிள் எவ்வளவு நேரம் தாங்கும்? விலையை வைத்து முடிவெடுத்தவர்கள் பலர் பின்னால் வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எண்டோஸ்கோப்பியில் கிடைக்கிற திசுத் துண்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான், அரிசிக் குருணை அளவு. ரத்த ஓட்டம் நின்றதுமே அதிலிருக்கும் ஆர்என்ஏ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) மாற ஆரம்பித்துவிடும், அதனால் உறைய வைக்கிற வேலையை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். திரவ நைட்ரஜன் குடுவையும் மைனஸ் 80 ஃப்ரீசரும் ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்து போகிற தூரத்தில், ஜெனரேட்டர் லைனோடு இருக்க வேண்டும். அதைத் தாண்டி சொந்தமாக வாங்குவது பெரும்பாலும் சுமைதான். ஒரு லேபில் செல்களை ஒவ்வொன்றாக அளந்து எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமீட்டர் வாங்கினார்கள், ஓட்டத் தெரிந்த ஒரே பையன் வேறு வேலைக்குப் போனான், ஏஎம்சியை (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை) புதுப்பிக்கப் பணமில்லை, இரண்டு வருடமாக அது உறை போட்டபடியே கிடந்தது.

சீக்வென்சிங்குக்கு, அதாவது மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பதற்கு, வெளிக் கம்பெனி நல்ல வழி. டிஎன்ஏ பொறுமையானது, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆர்என்ஏ அப்படியில்லை. சென்னை இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான், ஆனால் கத்திரி வெயிலில் நாங்கள் அனுப்பிய ஒரு தெர்மோகோல் பெட்டி கூரியர் கிடங்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டது, திறந்தபோது உலர் பனி ஆவியாகிப் போயிருந்தது. இன்னொன்றும் உண்டு. ஃபார்மலினில் ஊறிய திசுவில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து சிதைந்து, தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கப்படலாம். திசுவின் கதை தெரியாதவர்கள் அதையும் மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) பட்டியலில் சேர்த்து பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள், சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

என் ஓட்டு பொது லேபுக்குத்தான், மெஷினுக்காக இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்காக. மைக்ரோடோம் என்ற கருவியில் திசுவை மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போடுகிற அக்கா நான் உள்ளே நுழைந்ததுமே, "பிளாக்கை ஐஸ்ல வச்சியாப்பா?" என்பார். பிளாக் என்பது திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி. குளிர்ந்த மெழுகில்தான் நான்கு மைக்ரான் ரிப்பன் சுருங்காமல் வரும், அது வெதுவெதுப்பான தண்ணீரில் விரிகிற விதத்தைப் பார்த்தே கத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். அப்புறம் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பெத்தாலஜிஸ்ட். டிஃப்யூஸ் வகை இரைப்பைப் புற்றில் செல்கள் கூட்டமாக நிற்காது, நார்த்திசுவுக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ஸ்லைடைப் பார்த்து இடத்தைக் குறித்துத் தர ஆள் இல்லையென்றால், புற்று இல்லாத திசுவைச் சீக்வென்ஸ் பண்ணிவிட்டுப் புற்றில் மாற்றமே இல்லை என்று எழுதிவிடுவோம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1992-இல் தொடங்கிய ஸ்போர் நிதித் திட்டத்தில் திசு மாதிரி, பெத்தாலஜி இரண்டையும் கவனிக்கிற பொதுப் பிரிவு கட்டாயம், அதன் காரணம் இந்த அக்காவின் மேசையில் எனக்கு நன்றாகவே புரிந்தது. புள்ளியியல் ஆளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் அவரிடம் சாம்பிள் சேர்ப்பதற்கு முன்பே போங்கள், பதினெட்டு சாம்பிளை எடுத்து முடித்துவிட்டுப் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்லாட் கிடைக்க இரண்டு, மூன்று வாரம் காத்திருந்திருக்கிறேன். மெழுகு பிளாக் காத்திருக்கும், உயிருள்ள செல் காத்திருக்காது. ஆர்கனாய்டு (திசுவின் செல்களிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரி) வளர்க்கிறவர்கள் வளர்ப்பு அறையைச் சொந்தமாகவே வைத்துக்கொள்வது நல்லது. மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி எப்போதோ தேவைப்படுவதற்கு அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்யலாம்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பிஎச்டி முடித்துப் போனவர்களின் சொந்த ஃப்ரீசரைச் சுத்தம் செய்தபோது, மார்க்கர் அழிந்துபோன குப்பிகள் ஒரு தட்டு நிறையக் கிடைத்தன. யாருடையது, எந்தப் பகுதி, எந்த நாள், ஒன்றும் தெரியவில்லை. குடியாத்தத்திலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்தவரும், வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திசு அது. பொதுத் திசு வங்கியில் பார்கோடோடு பதிவாகியிருந்தால் இன்னொரு மாணவர் அதை எடுத்து வேலை செய்திருப்பார். நாங்கள் அத்தனையையும் ஆட்டோகிளேவில் போட்டு, நீராவியில் கிருமி நீக்கி, தூக்கி எறிய வேண்டியதாயிற்று.