டிகின்டரில் தமிழ் எழுத்துரு: நீண்ட காலப் பாவனையில் தெரிந்தவை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பைத்தானில் எழுதும் சிறு நிரல்களுக்கு, பைத்தானோடு சேர்ந்தே வரும் சாளரம் அமைக்கும் கருவியான டிகின்டர் தாராளமாகப் போதும். பாடாய்ப்படுத்துவது எழுத்துருதான். விண்டோஸில் அதன் இயல்பு எழுத்துரு செகோ யூஐ, 9 புள்ளி. அதில் தமிழ் இல்லாததால் விண்டோஸ் வேறொன்றை இடையில் செருகும். அந்த அளவில் 'ன', 'ண' இரண்டையும் பிரித்தறியவே கண் நோகும்.

ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியே எழுத்துரு கொடுத்தால் எங்காவது ஒன்று விடுபடும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக எழுத்துரு சொல்லும் ஒப்ஷன் அட் கட்டளையும் நம்பத்தக்கதல்ல. அதற்குப் பிறகு உருவாகும் விட்ஜெட்டுகளை (பொத்தான், பெட்டி போன்ற சாளர உறுப்புகளை) மட்டுமே அது மாற்றும், புதிய வகையான டிடிகே விட்ஜெட்டுகளில் பல அதைக் கண்டுகொள்ளா.

உறுதியான வழி, டிகின்டருக்கு அடித்தளமான டிகே தானே பெயரிட்டு வைத்திருக்கும் எழுத்துருக்களை மாற்றுவது. முதன்மைச் சாளரம் உருவானவுடன் நேம் டு ஃபான்ட் மூலம் டிகே டிஃபால்ட் ஃபான்ட்டை எடுத்து, கொன்ஃபிகரில் குடும்பம் நிர்மலா யூஐ, அளவு 11 என்று கொடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களும் உடனே மாறும். அதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். ஒருவரித் தட்டச்சுப் பெட்டி டெக்ஸ்ட் ஃபான்ட்டையும், மெனு மெனு ஃபான்ட்டையும், அட்டவணைத் தலைப்பு ஹெடிங் ஃபான்ட்டையும் பார்க்கின்றன. நான்கையும் ஒரே லூப்பில் மாற்றுங்கள். கொம்போபொக்ஸுக்குத் தனியாக எழுத்துரு கொடுத்தால் கீழே விரியும் பட்டியல் பழையபடியே நிற்கும். டெக்ஸ்ட் ஃபான்ட்டை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள ஃபிக்ஸ்ட் ஃபான்ட்டைத் தொடவேண்டாம், இடைவெளி விட்டு நேராக்கிய விலைப் பட்டியல்கள் கலைந்துவிடும்.

அளவைக் கூட்டியதும் அட்டவணை காட்டும் ட்ரீவியூவில் 'கு', 'லூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். டிகே 8.6இல் வரி உயரம் 20 பிக்சலிலேயே நிற்பதுதான் காரணம். எழுத்துருவின் லைன்ஸ்பேஸ் (ஒரு வரிக்கு வேண்டிய உயரம்) அளவோடு 6 கூட்டி, ஸ்டைலில் ரோஹைட்டாகக் (வரி உயரமாகக்) கொடுங்கள்.

குடும்பப் பெயர் கணினியில் இல்லாவிட்டால் டிகே பிழை காட்டாது, சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுவிடும். ஆகவே ஃபேமிலீஸ் பட்டியலில் முதலில் தேடுங்கள். நிர்மலா யூஐ விண்டோஸ் 8இலிருந்துதான் உண்டு. பழைய கணினிக்கு லதா கைகொடுக்கும். அம்பாறைப் பக்கம் சிங்களமும் சேர்த்துக் காட்டவேண்டிய இடங்களில் நிர்மலாவே சிறந்தது, இரு மொழியும் அதற்குள் இருக்கின்றன.

பழைய கோப்புகள் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துருவையே பாமினியாக வைத்தால் ஆங்கிலச் சொற்களெல்லாம் சிதைந்த தமிழாகத் தெரியும்.

லினக்ஸுக்குக் கொண்டுபோகுமுன் 'கொக்கட்டிச்சோலை' என்று ஒரு லேபிளில் எழுதிப் பாருங்கள். டிகே 8.6 அங்கு தமிழ் எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டாது. கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எந்த எழுத்துருவைப் போட்டாலும் இது தீராது. அங்கு பைத்தானுக்கான மற்றொரு சாளரக் கருவியான பைக்யூட்டிக்கு (PyQt) மாறவேண்டியதுதான்.