நியூட்டன் பெட்டியில் அடுக்குத் தேனீ: ஓடிப்போவதற்கு முன் தெரியும் அறிகுறிகள்

தேனீ வளர்க்கும் மரப்பெட்டிகளில் நியூட்டன் பெட்டி சிறியது, கைக்கு அடக்கமானது, நம் ஊர் அடுக்குத் தேனீக்கு அளவாகப் பொருந்துவது. பல பருவம் வைத்துப் பார்த்தாலும் பெட்டியில் பெரிய குறை இல்லை. ஆனாலும் புதிதாக வாங்கியவர்களின் புகார் ஒன்றேதான்: "ஈ ஓடிப்போச்சு."

ஓடுவது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. தீனி குறைந்தால் ராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்தும். இருக்கிற புழுக்கள் ஈயாகி வெளிவந்ததும் கூட்டம் கிளம்பும். முட்டை ஈயாக ஏறக்குறைய 3 வாரம். அவ்வளவு அவகாசம் நமக்கு உண்டு. காலையில் வாசலைப் பாருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு வரும் ஈக்கள் அருகிப்போனால் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம்.

திறந்ததும் ராணியைத் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. முட்டையைத் தேடினால் போதும். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அடையில் விழும்படி நில்லுங்கள். அறையின் அடியில் நூல் துணுக்குபோல் நிமிர்ந்து நின்றால் அன்றோ முந்தின நாளோ இட்டது; மூன்றாம் நாள் அது படுத்துவிடும். நின்ற முட்டை கண்ணில் பட்டால் ராணி இருக்கிறது, மூடிவிடலாம். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே, செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். தட்டுபோல் படுக்கவைத்தால் புது அடை, அதுவும் மதிய வெயிலில், ஒடிந்து விழும். வாரம் ஒருமுறைக்கு மேல் திறக்க வேண்டியதில்லை. ஆசைக்குத் தினமும் திறப்பதும் ஈயைத் துரத்துவதுதான்.

அடுத்தது பேராசை. குமரி மாவட்டத்தில் ரப்பர் துளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் கொட்டும். தேன் சேரும் மேல்தட்டில், முக்கால்வாசி அறைகளை ஈக்கள் மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுக்கலாம். மூடாத தேன் நீர்த்துப் புளிக்கும். புழு வளரும் கீழ்த்தட்டுத் தேனில் கை வைக்கவே கூடாது, மழைக்காலத்துக்கு அதுதான் அவற்றின் சாப்பாடு.

அதுவும் தீர்ந்தால் 200 கிராம் சர்க்கரையை அதே அளவு கொதித்த நீரில் கரைத்து, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி மேல்தட்டுக்குள் வையுங்கள். ஈ மூழ்காதிருக்க இரண்டு மூன்று குச்சி மிதக்கட்டும். அந்தி நேரமே சரி. பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

அடிப்பலகைக் குப்பையை வாராவாரம் வழித்தெடுங்கள், மெழுகுப்பூச்சிப் புழு வளருவது அங்கேதான். ஈ மொய்க்காத வெற்று அடைகளையும் எடுத்துவிடுங்கள். எறும்பு ஏறாதிருக்க, பெட்டி நிற்கும் தாங்கியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். வற்றினால் ஒரே ராத்திரியில் ஏறிவிடும்.

ராணி வெளியேறாதபடி வாசலில் ராணித் தடுப்பு மாட்டுவது அவசரத்துக்கு மட்டும்தான். பசியைத் தீர்க்காமல் கதவைச் சாத்தி என்ன பயன்? வேறு பெட்டியிலிருந்து புழு நிறைந்த சட்டம் ஒன்றைச் சேர்த்தால் கூட்டம் பெரும்பாலும் தங்கிவிடும். மாற்றும் முன் அந்தப் புழுக்களைப் பாருங்கள்: தலை தூக்கி, படகுபோல் வளைந்து, நீர்ப்பைபோல் செத்துக் கிடந்தால் அது தாய் சாக்புரூட் (Thai sacbrood). 1991-ல் தொடங்கித் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த அதே வைரஸ் நோய். இதற்கு மருந்தில்லை, அந்தச் சட்டம் வேறு பெட்டிக்குப் போகக் கூடாது.