பிஎச் ஆடுகிறதா? பவளத் துகளா, சமையல் சோடாவா

மீன்தொட்டித் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) நிலையாக இல்லையென்றால் முதலில் கேஎச் பாருங்கள்; தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு அது, டிகிரியில் சொல்வார்கள். 2 டிகிரிக்குக் கீழே என்றால் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் போதவில்லை; அதை ஏற்றத்தான் பவளத் துகளோ சமையல் சோடாவோ. செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டியில் இரவு பகலுக்குள் பிஎச் கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. அதற்கு வைத்தியம் வேண்டாம்.

வேகம்: சோடா கரைந்ததுமே வேலை செய்யும். பவளத்துக்கு நாட்கள், சிலசமயம் வாரங்கள்.

அளவு: 100 லிட்டருக்கு 3 கிராம் சோடா, கேஎச் சுமார் 1 டிகிரி ஏறும். பவளத்துக்கு இப்படிக் கணக்கு கிடையாது. தண்ணீர் அமிலமாக இருந்தால் வேகமாகக் கரையும், காரமாக ஆக ஆக மட்டுப்படும். என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்கு அதுவே வசதி.

உடன் வருவது: பவளம் கால்சியம் தரும், ஜிஎச்சும் (தண்ணீரின் பொதுக் கடினத்தன்மை) ஏறும், நத்தை ஓட்டுக்கு நல்லது. சோடாவில் சோடியம்தான் மிச்சம்.

உழைப்பு: பவளத்தை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் மாதக்கணக்கில் கவலையில்லை. சோடாவைத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் எடைபோட வேண்டும்.

பிஎச் சட்டென்று சரிந்திருந்தால் சோடா, ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் போகாமல். அதற்குமுன் அம்மோனியா சோதியுங்கள்; பிஎச் ஏறினால் அதன் நச்சும் ஏறும். நிதானமாக நிலைநிறுத்தப் பவளம். அடியில் ஆக்டிவ் சாயில் (செடித் தொட்டிகளில் போடும், பிஎச்சைக் குறைக்கும் மண்) புதிதாகப் போட்டிருந்தால் இரண்டும் வீண். அந்த மண்ணே கார்பனேட்டை விழுங்கிவிடும்.