பயிற்சியே படம்: ‘ஷாவ்லினின் 36-வது அறை’

1978-இல் ஷா பிரதர்ஸ் படநிறுவனத்துக்காக லாவ் கார்-லியுங் இயக்கிய ஹாங்காங் குங்ஃபூ படம். பழிவாங்கும் கதை அரதப்பழசு. படத்தைத் தாங்குவது நடுவில் ஷாவ்லின் மடாலயத்தில் அறை அறையாக நடக்கும் பயிற்சிப் பகுதிதான். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளைத் தாண்டினால்தான் சாப்பாடு. அடுத்து, கைகளை நீட்டியபடியே வாளித் தண்ணீர் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். மணியடிக்கும் அறையோ மணிக்கட்டுக்கு. அதனால் பின்னால் வரும் சண்டைகளில் எந்த அசைவு எங்கே கற்றது என்று நமக்கே பிடிபடுகிறது. நாயகன் கார்டன் லியு மூன்று துண்டுகளை இணைத்த கோல் ஆயுதத்தை உருவாக்கும் இடம் அபாரம். அதன்பின் கதை ஓட்டமாய் ஓடுவது குறைதான்.

அகலத்திரைப் பிரதியையே தேடுங்கள். பக்கங்களை வெட்டிய பிரதியில் எதிராளி பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே நிற்பார்.